ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பாதி நாள் மலையில் கால் வைக்காத மாதத்தில் எனக்குத் தோட்டத்திலேயே சிறந்த கொழுந்துக்காரி என்று பரிசு கொடுத்தார்கள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் காலையில் எல்லாரையும் நிறுத்திவைத்து, தோட்டத்து மேனேஜர் தொரையே தன் கையால் ஒரு குடையும் இரண்டு தேயிலைப் பாக்கெட்டும் தந்தார். நாங்கள் பறித்துக் கொடுத்ததை எங்களுக்கே பாக்கெட்டில் போட்டுத் தருவதில் இவர்களுக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை. என்னோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிற பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் சுதர்ஷினி. அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகிற வழியில் எங்கள் தோட்டம். வீட்டுக்காரர் கஜேந்திரன் கொழும்பில் இரும்புக் கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் நானும் அவருடைய தங்கை வினோதாவும் அவளுடைய சின்ன மகளும் இருக்கிறோம். வினோதாவும் என்னோடு கொழுந்தெடுக்கிறவள்தான், அவள் புருஷன் கட்டாரில். இரண்டு ஆண்பிள்ளைகளும் போனில் மட்டும்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

தோட்டத்தில் எங்கள் பகுதியான மேல் டிவிசனில் ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோசப்பின் டீச்சர் அடுத்த வருட முடிவில் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையை நல்லபடியாகவே பாஸ் பண்ணியவள் நான். உயர்தரம் படிக்கையில் அப்பா செத்துப்போனார், காம்பராவைக் காப்பாற்ற வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் பேர் பதிய வேண்டியிருந்தது, பதிந்தேன். முப்பத்தைந்து வயதில் முதுகு இப்படி வலிக்கிறது, ஐம்பதில் எப்படி இருக்கும் என்று என்னோடு நிரையில் நிற்கிற ராக்காயி அக்காவைப் பார்த்தாலே தெரியும். டீச்சருடைய இடத்துக்கு வரப் பிள்ளை பராமரிப்பில் ஒரு டிப்ளோமா வேண்டும். அது கிடைத்தால் மலையிலிருந்து இறங்கலாம், கிடைக்காவிட்டால் இல்லை.

ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் அந்த இரண்டு வருடப் படிப்பு நடந்தது. நாங்கள் பறிப்பதை எங்கேயோ வெளிநாட்டில் குடிக்கிறவர்கள் காசு போட்டு ஒரு பவுண்டேசன் வைத்திருக்கிறார்கள், அவர்கள்தான் செலவைக் கட்டினார்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கிற பெண்களுக்கு மட்டும் என்பது நிபந்தனை. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வேலை கட்டாயமில்லை, கொழுந்து கிளம்பிய காலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்கு எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். நான் கைக்காசை விட்டேன். விடியற்காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்ச் சாயந்தரம் திரும்பி, திங்கட்கிழமை வழக்கம்போல மலைக்குப் போனேன். அப்படி ஒரு வருடம் ஓடியது. அலுப்புத்தான், ஆனால் என் உடம்புக்கு அடங்கிய அலுப்பு.

இரண்டாம் வருடம் தொடங்கும்போது பவுண்டேசன் கணக்கை மாற்றிவிட்டது. எங்களுக்கு அதை விளக்க வந்தவர் ஜெரோமி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, படித்து பவுண்டேசனில் அதிகாரியாக இருக்கிறார், நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது காலைப் பார்த்துப் பேசுவார். அன்றைக்கு முழுக்கக் காலைத்தான் பார்த்தார். இனிமேல் நிலையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்களாம். வாரத்தில் மூன்று நாள் வந்தால் முழு ஆள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் அரை ஆள். அரை ஆளுக்கு அரைக் காசுதான் வரும், ஆனால் டீச்சருக்கும் கட்டடத்துக்கும் முழுச் செலவு. அதனால் நிலையம் ஞாயிறு வகுப்பை மூடிவிட்டது. இனி செவ்வாய், புதன், வியாழன்.

கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டு அரைச் சம்பளம் தருகிற வழக்கம் தோட்டத்தில்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். தர்மக் காசிலும் அதே தராசுதான்.

வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேலையை விட்டால் வேலை செய்கிற பெண் இல்லை, அப்புறம் பவுண்டேசன் கட்டாது என்றார் ஜெரோமி. ஒவ்வொரு மாதமும் தோட்டத்து ஆபீஸிலிருந்து முழு வேலை செய்ததற்குக் கடிதம் வர வேண்டும். ஒரு வருடம் நின்றுவிட்டு அப்புறம் தொடரலாமா என்று நான் கேட்டேன். நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இதுவரை கட்டியதையும் திருப்பிக் கேட்பார்கள். மலையிலும் நிற்க வேண்டும், வகுப்பிலும் உட்கார வேண்டும், இரண்டும் ஒரே நாளில். இதை யோசித்தவர்கள் கொழும்பில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துதான் யோசித்திருப்பார்கள். கடைசியில் ஜெரோமி ஒன்று சொன்னார். இது ஒரு வருடத்துக்குப் பரீட்சார்த்தம்தான், வேலை செய்கிற பெண்களால் ஏலாது என்று தெரிந்தால் ஞாயிறு வகுப்பைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

அன்றைக்குச் சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது வினோதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, படிப்பு முடிந்தது என்றேன். அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, ஏதோ கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க போங்க அண்ணி. மூணு நாளும் ஒங்க சாக்க நான் நெறைக்கிறேன். நாயித்துக்கெழம வகுப்பு திரும்ப வரும்ல, அப்ப நான் போறேன்."

அவளுக்கும் ஆசை இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழ் டிவிசன் பிள்ளைக் காம்பராவிலும் மூன்று வருடத்தில் இடம் காலியாகும். அண்ணி மேலே, நாத்தனார் கீழே என்று அவள் மனதுக்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள்.

வினோதாவின் கை வேகம் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது. ஆனாலும் ஒருத்தி இரண்டு பேருக்கு எடுக்க முடியாது. ராக்காயி அக்காவிடம் சொன்னாள், ராக்காயி அக்கா நிரையில் நிற்கிற எல்லாரிடமும் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் என் சாக்கில் போடுவது என்று முடிவானது. சாவு விழுந்த வீட்டுக்காரிக்கும் காய்ச்சல்காரிக்கும் ஒரு நாள் இரண்டு நாள் இப்படிப் போடுவது எங்களிடம் உள்ளதுதான். வருடம் முழுக்கப் போட்டதில்லை. எங்களை மேய்க்கிற கங்காணி அழகன் எங்களுக்கு மாமா முறை. நிறுவையில் என் பேரைக் கூப்பிடுவார், வினோதா என் சாக்கைத் தூக்கி வைப்பாள், அவர் தராசைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர், இப்படி விடுவது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வருடத்தைப் பற்றி ஹட்டனில் கேட்கிறவர்களிடம் நான் அருமையான வருடம் என்றுதான் சொல்கிறேன். உண்மையில் அது ஒரு ஜெயில். வகுப்பில் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி டீச்சர் பாடம் நடத்துவார். வெளியே மழை பிடித்தால் என் காதில் ஒன்றும் ஏறாது. இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கிற வினோதாதான் கண்ணில் நிற்பாள். எனக்குக் காய்ச்சல் வரக்கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே எல்லாரும் காய்ச்சல்காரிக்குப் போடுகிற அளவுக்கு எனக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கள், வெள்ளி, சனி மலையில் நிற்கும்போது யாரிடமும் முகம் சுளிக்க முடியாது. யார் என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும், யார் பிள்ளைக்கும் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு தடவை ராக்காயி அக்கா என் நிரைக்குள் வந்து எடுத்தார், எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். கடன்பட்டவளுக்குக் கோபம் ஏது. வகுப்பை விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது, இத்தனை பேர் எடுத்துப் போட்டதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

எங்கள் வகுப்பில் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டார்கள். ஒருத்திக்கு அரைப் பேராகவே விழுந்து வீட்டில் அடுப்பெரியவில்லை. ஒருத்தியை மாமியார் விடவில்லை. டயகமவிலிருந்து வந்த பெண் கடைசி வரை இழுத்துப் பார்த்தாள், ஒரு நாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு மறுவாரம் வரவில்லை. மிச்சம் இருந்தது சொந்தக் காசு கட்டிப் படிக்கிற டவுன் பிள்ளைகளும் நானும்தான்.

எங்கள் ஆட்கள் செய்த தப்பு என்னவென்றால் பயந்துகொண்டே போட்டார்கள். என் சாக்கு குறைந்துவிடக்கூடாது, அரைப் பேர் விழுந்தால் ஆபீஸ் கடிதம் கெட்டுவிடும் என்று ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி குறைத்திருப்பாளோ என்று நினைத்து ஒரு கை கூடவே போட்டாள். வினோதாவும் கூடப் போட்டாள். கொழுந்து நன்றாகக் கிளம்பிய அந்த மாதத்தில் என் பேரில் விழுந்த கிலோ தோட்டத்தில் எவளுக்கும் விழவில்லை. அதற்குத்தான் குடையும் பாக்கெட்டும். வினோதாவின் பேர் பட்டியலில் நடுவில் எங்கேயோ கிடந்தது.

பரிசு கொடுத்த கையோடு தொரை இன்னொன்றும் சொன்னார். தை மாதத்திலிருந்து புதுத் தராசு வருகிறது, அவரவர் விரலை வைத்தால்தான் நிறுவை ஏறும். வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்கள் கையை எடுத்தார்கள். அழகன் மாமா தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எனக்கு மார்கழியோடு படிப்பு முடிந்துவிடும், நான் தப்பித்தேன். வினோதாவுக்கு இனி யாரும் சாக்கு நிறைக்க முடியாது. அவள் படிக்க வேண்டும் என்றால் அது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து ஜெரோமி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். நான் மலை வேலை முடித்து வந்து ஜோசப்பின் டீச்சருக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆபீஸ் அனுப்பிய கடிதத்தைப் பார்த்துக் கொழும்பில் எல்லாருக்கும் சந்தோஷமாம். முழு வகுப்பு, முழு வேலை, அதற்கு மேல் பரிசும். சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்குப் பவுண்டேசனின் பெரிய மேடம் வருகிறார்கள், நான் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், ஞாயிறு வகுப்பைப் பற்றிய முடிவும் அன்றைக்குத்தான் என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. எல்லாரும் படிப்பை விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்திருக்கும். ஒருத்தி மட்டும் முடித்துவிட்டாள், அந்த ஒருத்தி நான். ஏலும் என்பதற்கு நான்தான் அத்தாட்சி.

"தம்பி, நான் ஒன்னு சொல்லணும்" என்றேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க அக்கா. ஆனா எங்கிட்ட சொன்னா நான் அத எழுதணும். எழுதுனா ஒங்க சான்றிதழ நிறுத்திருவாங்க, கட்டுன செலவ திருப்பிக் கேப்பாங்க, கங்காணியக் கூப்புட்டு விசாரிப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

கங்காணியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு நிறுவையில் நடப்பது தெரியாமல் இருக்குமா. அவருக்குத் தெரியும், தெரியாமல் இருப்பதுதான் அவர் எனக்குச் செய்யக்கூடிய உதவி. ஒன்றுமில்லை தம்பி என்றேன். அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் வினோதாவிடம் மேடையில் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். எனக்கு இந்தச் சான்றிதழே வேண்டாம், நீ படிக்கணும், பிறகு வருகிற பிள்ளைகள் படிக்கணும் என்றேன். பெரிய தியாகி மாதிரிப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாமல் கழற்றி வைத்திருந்தாள்.

"ஒங்களுக்கு வேணாம்னா, இது எதுக்கு இப்புடி ஆச்சு?"

 கையை இழுத்துக்கொண்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பொய் சொல்லாமலும் யாரையும் காட்டிக்கொடுக்காமலும் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கும் என்று நான் அந்த வாரம் முழுக்க வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டன் மண்டபத்தில் நிலையத்து ஆட்கள், டவுன் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் எல்லாரும் நிறைந்திருந்தார்கள். எங்கள் பெண்கள் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு நல்ல சேலையில் வந்திருந்தார்கள். அழகன் மாமா சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வினோதா, மடியில் மகள். மேடையில் பெரிய மேடம் சிங்களத்தில் பேசினார், ஜெரோமி தமிழில் சொன்னார். அன்பான அம்மாதான். சான்றிதழைக் கொடுத்துவிட்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வேலையையும் படிப்பையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்.

கோத்து வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்கு எப்படியோ முடிந்தது. கூட வந்த பெண்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள், அவர்களுக்கு முடியவில்லை. மலையில் நிற்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைவிட்டால் வேறு நாள் இல்லை. தயவுசெய்து அந்த வகுப்பைத் திரும்பத் தாருங்கள் என்றேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். ஜெரோமியும் ஒன்றும் விடாமல்தான் சிங்களத்தில் சொன்னார், அதை நான் கவனித்தேன்.

மேடம் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். இவ்வளவு செய்தும் எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். தோட்டத்தில் முதல் பரிசு வாங்கிக்கொண்டே ஒருவரால் முடிந்தது என்றால், மனது வைத்தால் எல்லாராலும் முடியும் என்றார். கைதட்டினார்கள்.

ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும், என் சாக்கை நான் நிறைக்கவில்லை என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். மூன்றாம் வரிசையில் வினோதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பக்கத்தில் அழகன் மாமா கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்தேன்.

மேடம் பக்கத்திலிருந்த நிலையத்து அதிபரிடம் சிங்களத்தில் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. ஞாயிறு வகுப்பு இனித் தேவையில்லை, இந்தப் பெண்ணே காட்டிவிட்டாள். ஜெரோமி அதைத் தமிழில் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்காயி அக்கா என்னைக் காட்டிப் பக்கத்தில் யாரிடமோ பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கக் குடும்பத்தையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வினோதா மகளைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் முதுகுக்குப் பின்னால் சுற்றித்தான் ஏறி வந்தாள். மேடம் அப்போதும் அதிபரிடம் அதையே பேசிக்கொண்டிருந்தார். வினோதா கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்தவள், என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. அப்புறம் மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என் சேலை மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அழுவாதீங்க அண்ணி. சிரிங்க, போட்டோ எடுக்குறாங்க."

சிரித்தேன். படம் நன்றாகவே விழுந்தது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், வகுப்பு செவ்வாய், புதன், வியாழன் என்று அடுத்த வருட அறிவிப்பில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். வினோதாவை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்திருக்கிறார்கள், என் தோளில் அவளுடைய விரல் இரண்டு மட்டும் மிச்சமாகத் தெரிகிறது. ஆபீஸிலிருந்து ஆள் வந்து, இப்போது நான் டீச்சராக இருக்கிற பிள்ளைக் காம்பராவின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். காலையில் மகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு வினோதா அந்தக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள்.